டாலர் உருகி ரூபாயானது

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில், வாசலில் சாமை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் கழுத்தில் சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாலையைக் கண்டேன். கருப்புக் கயிற்றில் கோத்த ஐந்து வெள்ளி ரூபாய்கள். இரண்டில் விக்டோரியா அரசி, ஒன்றில் மகுடமில்லாத தலையுடன் ஏழாம் எட்வர்டு, மற்ற இரண்டில் ஐந்தாம் ஜார்ஜ். ஐந்திலும் விளிம்பை ஒட்டித் துளையிட்டிருந்தார்கள்.

“எங்க மாமியா கழுத்துல கெடந்தது. அவங்களுக்கு அவங்க மாமியா குடுத்தது” என்றார் அவர். பழங்காசு வாங்குவதற்காக அடிவாரத்திலிருந்து மலையேறி வந்த வியாபாரி ஒருவர், துளையில்லாதவையாக இருந்தால் ஒரு விலை தருவதாகவும், இவற்றை எடைக்குத்தான் எடுக்க முடியும் என்றும் கூறிச் சென்றாராம். அதை எண்ணிக்கொண்டே அவர் என்னைக் கேட்டார்: “தொளை போட்டா வெள்ளி மட்டமாயிடுமா வாத்தியாரே?”

நான் உடனே விடை சொல்லவில்லை. ஜார்ஜ் மன்னரின் காசுகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் 1918, மற்றொன்றில் 1919. பின்னதின் மறுபுறத்தில், அடியிலுள்ள தாமரைப் பூவின் கீழே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு புள்ளி. பம்பாய் நாணயச் சாலையின் அடையாளம் அது. கல்கத்தாவில் அடித்த காசில் அந்தப் புள்ளி இராது.

முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியமும் சணலும் தோலும் மலைமலையாகக் கப்பலேறின. அவற்றை விளைவித்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் கொடுக்க ரூபாய் வேண்டும். ரூபாய் அடிக்க வெள்ளி வேண்டும். வெள்ளியோ விலை ஏறிக்கொண்டே போனது. 1917-ஆம் ஆண்டில் நாணயங்களை உருக்குவதும், செலாவணிக்கன்றி வேறு பயனுக்கு எடுப்பதும் குற்றமென அரசு ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பர் 30-இல் முதல் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில் இரண்டரை ரூபாய்த் தாளும் வந்தது. ஆனால் மக்களுக்குத் தாளில் நம்பிக்கை பிறக்கவில்லை. 1918-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஐரோப்பியப் போர்முனையிலிருந்து கெட்ட செய்திகள் வரவர, பம்பாயின் நாணய அலுவலகத்தில் தாளைக் கொடுத்து வெள்ளி கேட்போரின் கூட்டம் பெருகியது. கருவூலத்தில் இருந்த வெள்ளி நாளுக்கு நாள் கரைந்தது. ‘கேட்டால் வெள்ளி தருவோம்’ என்று தாளில் அச்சிட்ட அரசு, அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத நிலைக்கு அருகில் வந்துவிட்டது.

அப்போது வெள்ளி இருந்த இடம் அமெரிக்கா. அங்கே 1878-இலிருந்து 1904 வரை, பெரும்பாலும் சுரங்க முதலாளிகளை நிறைவு செய்வதற்காக இயற்றிய சட்டங்களின் பயனாய், கோடிக்கணக்கான வெள்ளி டாலர்களை அடித்திருந்தார்கள். ஜார்ஜ் மார்கன் என்னும் கலைஞர் வடித்த சுதந்திர தேவியின் முகத்தைத் தாங்கியவை அவை. கனமான அந்தக் காசை அமெரிக்கரே சட்டைப்பையில் சுமக்க விரும்பவில்லை. பெரும்பாலானவை பயன்பாட்டுக்கே வராமல் பைபையாகக் கருவூலத்தின் நிலவறைகளில் கிடந்தன. பிரிட்டன் வேண்டிக்கொள்ள, நெவாடா மாநிலத்துச் செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரல் 23-இல் நிறைவேறியது. 35 கோடி டாலர் வரை உருக்க இசைவு கிடைத்தது. உருக்கியவை 27,02,32,722. அவற்றுள் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். மார்கன் டாலரில் உள்ள தூய வெள்ளி 371¼ குன்றி எடை. குன்றி என்று நான் சொல்வது ஆங்கிலக் ‘கிரெய்ன்’ அளவை, நம் குன்றிமணியை அன்று. அன்றைய ரூபாயில் உள்ளது 165. ஆகவே ஒரு டாலரை உருக்கினால் கூடுதலுமின்றிக் குறைவுமின்றி இரண்டேகால் ரூபாய். அவ்வளவு டாலரும் சேர்ந்து ஏறக்குறைய 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி. 1918, 1919 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலுமாக ஆண்டுக்கு 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தார்கள். அதில் பெரும்பங்கு சுதந்திர தேவியின் முகம் அழிந்து ஜார்ஜ் மன்னரின் முகம் பெற்ற வெள்ளி. மூதாட்டியின் கழுத்திலிருந்த 1919 ரூபாயும் அப்படிப்பட்டதா என்பதை எந்த உரைகல்லும் சொல்லிவிட முடியாது. உருக்கிய வெள்ளிக்குப் பிறப்பிடம் இல்லை. எனினும் அப்படியிருக்க வாய்ப்பு மிகுதி.

அது மலையேறிய வழியையும் ஊகிக்கலாம். மலையடிவாரத்தை அடுத்த வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் சாலைகள் அக்காலத்தில் ஓய்வின்றி உழைத்தன. சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலைப் படைவீரரின் காலணிக்காக அரசே வாங்கியது. தோலுக்கு ஆவாரம்பட்டை வேண்டும், கடுக்காய் வேண்டும். கடுக்காய் ஜவ்வாது மலையில் விளையும் பொருள். சுமை இறக்கியவனின் கைக்கு ஒரு ரூபாய் வந்திருக்கலாம். அதற்குத் துளையிட்டுக் கழுத்தில் கோத்தவள், செலாவணிக் காசை வேறு பயனுக்கு எடுக்கலாகாது என்ற 1917-ஆம் ஆண்டு ஆணையைக் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. தாளை நம்பாதவர்கள் பம்பாயில் வரிசையில் நின்றார்கள். மலையில் நம்பாதவர்கள் கழுத்தில் அணிந்துகொண்டார்கள்.

சேகரிப்போரின் சந்தைக்கு வருவோம். உருக்கிய டாலர்களின் ஆண்டுகளை அமெரிக்க நாணயச் சாலை குறித்து வைக்கவில்லை. எந்த ஆண்டுக் காசு எவ்வளவு அழிந்தது, எவ்வளவு எஞ்சியது என்று யாருக்கும் தெரியாமல் போனதால், அந்த அறியாமையே விலையாயிற்று. 1895-இல் பிலடெல்பியாவில் 12,880 டாலர் அடித்ததாகப் பதிவேடு கூறுகிறது. காட்சிக்கென மெருகிட்டு அடித்த 880-ஐச் சேர்ந்தவையே இன்று கிடைக்கின்றன. மற்ற பன்னிரண்டாயிரத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவை 1918-இன் உலையில் போயிருக்கும் என்பார் உளர். அடிக்கவே இல்லை, கணக்கர் பிழை என்பாரும் உளர். 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த டாலரின் கதை இன்னும் சுவையானது. ஏறக்குறைய முழுவதும் உருகிவிட்டது என்று நம்பி, ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலை வைத்திருந்தார்கள். 1962-இல் கருவூலத்தின் நிலவறையிலிருந்து அதே காசு மூட்டை மூட்டையாக வெளிவந்தது. விலை சில பத்து டாலருக்கு இறங்கியது. காசில் ஒரு கீறலும் விழவில்லை. அதே வெள்ளி, அதே முகம்.

நம் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே டாலரை அரிதாக்கிய அதே உலை, இங்கே 1918, 1919 ரூபாய்களை எங்கும் கிடைப்பவையாக்கிவிட்டது. நாணயவியலார் தேடுவது வேறு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தோன்றுகிறதென்று பூசல் எழுந்து, அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு மதிப்பு உண்டு. 1939-ஆம் ஆண்டு ரூபாய் கிடைப்பதே அரிது. 1919 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். அதிலும் துளையிருந்தால் பழுதடைந்த காசு. தராசுக்கு மட்டுமே உரியது. 1940-இலிருந்து ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்து, 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தபின், பழைய ரூபாய்க்குத் தராசில் கிடைத்த மதிப்பும் சிறிதன்று. முழு ரூபாய் ஒரு தோலா எடை என்பதால், நாட்டு மருத்துவர்கள் பச்சிலையைக்கூட ‘ரூபாய் எடை’ என்றே நிறுத்தார்கள்.

வியாபாரி சொன்னதில் பொய்யில்லை. அவருடைய சந்தையில் தீண்டப்படாத காசுக்கே விலை. நிலவறையில் எவர் கையும் படாமல் உறங்கிய டாலர் அங்கே முதல் தரம். ஆனால் மூன்று மாமியார்களின் வியர்வையில் தேய்ந்த ரூபாய்க்கு ஏன் கடைசித் தரம் என்பதை அவருடைய விலைப்பட்டியலால் விளக்க முடியாது. அதை விளக்கும் வேலை அவருடையதும் அன்று.

“வெள்ளி மட்டமாகாது பாட்டி. தொளை போட்ட எடம் மட்டும் கொறையும்” என்றேன். அமெரிக்காவைப் பற்றியும் சொன்னேன். கடல் தாண்டி வந்த காசு என்பதை அவர் நம்பினாரோ இல்லையோ, அதை மட்டும் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். “அப்ப இத நடுவுல போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சாமையைக் கிளறப் போனார். மாலை இப்போது அவருடைய பேத்தியிடம் இருக்கிறது. கயிற்றை மாற்றியிருக்கிறார்கள். 1919 நடுவில் தொங்குகிறது.