நாற்காலிக்கும் ஒரு கடமை உண்டு



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம். ஜெயித்த அணியை நாட்டின் தலைவர் அழைக்கிறார். அவருடைய அரசியல் பிடிக்காத வீரர் போக வேண்டுமா, வேண்டாமா? "ஆளைப் பிடிக்காவிட்டாலும் பதவிக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா ஐயா?" என்று ஒருவர் என்னையே கேட்டுவிட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 1865இலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் இரண்டு பேஸ்பால் அணிகளை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். 1980களில் ரீகன் காலத்தில் அது சடங்காகவே ஆகிவிட்டது. மறுத்தவர்களும் உண்டு. 2012இல் ஒபாமா அழைத்தபோது பாஸ்டன் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் டிம் தாமஸ் போகவில்லை. 2018இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் வீரர்கள் பலர் வர விரும்பாததால் டிரம்ப் அழைப்பையே ரத்து செய்தார். இரண்டு முறையும் 'பதவிக்கு மரியாதை' என்ற பேச்சு எழுந்தது.

ஆனால் எனக்கு நினைவுக்கு வருகிறவரை யாரும் அழைக்கவே இல்லை.

1936, பெர்லின் ஒலிம்பிக். ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், 4x100 தொடர் ஓட்டம் என நான்கு தங்கம் வென்றார். ஹிட்லர் அவருக்குக் கை கொடுக்கவில்லை என்று வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன். ஓவன்ஸ் ஊர் திரும்பிச் சொன்னது வேறு. தன்னை அவமதித்தவர் ஹிட்லர் இல்லை, ஒரு தந்திகூட அனுப்பாத தன் நாட்டு அதிபர்தான் என்றார்.

அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட். அந்த நவம்பரில் தேர்தல். தெற்கு மாநில வெள்ளையர் வாக்குகளை நினைத்தே அவர் ஒதுங்கினார் என்று சொல்வார்கள். நியூயார்க்கில் ஓவன்ஸுக்கு ஊர்வலம் நடந்தது. பிறகு வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அவருக்கே வரவேற்பு. அதற்குப் போக அவர் சரக்கு ஏற்றும் லிஃப்டில் ஏற வேண்டியிருந்தது. பிழைப்புக்காகக் குதிரைகளோடு போட்டி போட்டு ஓடியதும் உண்டு.

1955இல் ஐசனோவர் அவரை விளையாட்டுத் தூதராக நம் இந்தியாவுக்கும் அனுப்பினார். 1976இல் ஃபோர்டு நாட்டின் உயரிய விருதை அணிவித்தார். நாற்பது ஆண்டுகள் ஆயின. 1980இல் ஓவன்ஸ் இறந்தார். பெர்லினுக்குப் போன கறுப்பின வீரர், வீராங்கனைகள் 18 பேர். அவர்களுடைய குடும்பத்தாரை ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்தது 2016இல்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, பரிசு வாங்கிய பிள்ளைகளை அறைக்கு அழைத்துக் கைகுலுக்குவது வழக்கம். ஒரு முறை மாவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலிடம் பெற்ற மாணவி, கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். மறுநாள் ஆய்வு. பதிவேடுகளில் தலையைக் கவிழ்த்திருந்த நான், "அப்புறம் வாம்மா" என்றேன். அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதற்கு முந்தைய மாதம் பேச்சுப்போட்டியில் ஜெயித்தவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஆக, என் பதில் இதுதான். அழைக்கப்பட்டவர் போகலாம், போகாமலும் இருக்கலாம். அது அவர் மனசாட்சி. நாற்காலியில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. யார் ஜெயித்தாலும் அழைத்தாக வேண்டும். பதவிக்கு முதல் மரியாதை செய்ய வேண்டியவர் அதில் உட்கார்ந்திருப்பவர்.

அந்த 800 மீட்டர் பெண் இதைப் படித்தால், அம்மா, கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. இந்த முறை நான் எழுந்து நின்று வரவேற்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.