ஊவாத் தோட்டங்களிற் கூத்தைப் புரந்தோர்

சங்கப் புலவனுக்கு மன்னன் ஈந்த பரிசிலும் சோழர்காலக் கூத்தனுக்குக் கிடைத்த கூத்துக்காணியும் வரலாற்றிற் பேசப்படுகின்றன. பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலே காமன் கூத்தைப் புரந்தோர் யாவர் என்ற வினா அத்துணை எழுப்பப்படவில்லை.

மாசி வளர்பிறையிற் கம்பம் ஊன்றுவது முதற் காமன் தகனம் ஈறாக நிகழும் இக்கூத்து, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரோடு மலையேறியது. பெரிய கங்காணியே அதன் புரவலர் எனக் கூறுவதுண்டு. முதல் மரியாதை அவருக்குரியதாயிருந்தமை உண்மையே. ஆயின் அவர் கைப்பொருள் எங்கிருந்து வந்தது? வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் அவர் பெற்ற தலைக்காசே அதிற் பெரும்பகுதி. தொழிலாளியைக் கடனாற் பிணித்த துண்டு முறை 1921 வரை நீடித்தது. எனவே கங்காணியின் கொடையும் தொழிலாளியின் உழைப்பே எனலாம்.

ஏனைய செலவை லயங்கள் நேரடியாகவே தாங்கின. வீட்டுக்கு வீடு வரி திரட்டப்பட்டது. இரவெல்லாம் இரதியாகவும் மதனாகவும் ஆடியவன் மறுநாட் பெரட்டுக்குச் செல்லாவிடின் அந்நாட் கூலி இல்லை. எந்தக் கணக்கிலும் ஏறாத கொடை அதுவே.

அரசின் ஆதரவு எத்தகையது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் வழியாகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிரளித்தார். பேராதனையிலே 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' ஆகியன மேடையேறின. அவ்வெழுச்சி மட்டக்களப்பு மரபை முதன்மையாகக் கொண்டெழுந்தது. காமன் பொட்டலை அது பெரிதும் எட்டவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கூத்தின் செலவோ லயத்தாரிடமே நின்றது.

இன்று மலையகக் கூத்து கலைவிழாக்களுக்கும் அழைக்கப்படுகின்றது. முதிய கலைஞர் கலாபூஷணம் பெறுவதும் மகிழ்ச்சிக்குரியதே. எனினும் பல இரவுகள் விரியும் கூத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கி மேடையேற்றுவது கலையைக் காப்பதாகாது. விருது பெற்றவரின் பாட்டை அடுத்த தலைமுறை கற்கவும் அது வழிசெய்யாது. வாத்தியார் இளைஞருக்குப் பயிற்றும் நாட்களுக்கு ஊதியமும், ஆடுவோர் இழக்கும் நாட்கூலிக்கு ஈடும் அளிப்பதே பொருத்தமான நன்கொடையாகும். பொட்டலிலேயே, மாசியிலேயே அது சென்றடைதல் வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம் கூலியிற் கிள்ளிக் கொடுத்துக் கலை வளர்த்தோர் இம்மக்கள். அவர்களுக்குப் பிறர் வழங்குவது தருமம் அன்று. நெடுநாட் கடனில் ஒரு சிறு தவணையே.