காயம் கட்டிய கை

நான் நர்ஸ். அதனால் வியட்நாம் போர் எதிர்ப்பையும் ஒரு நர்ஸின் வழியாகவே சொல்கிறேன்.

1968. அதிபர் ஜான்சன் வியட்நாமில் நிறுத்தியிருந்த அமெரிக்க வீரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். கலிபோர்னியாவில், ஓக்லண்ட் கடற்படை மருத்துவமனைக்குக் கை கால் இழந்த இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களைப் பராமரித்தவர்களில் ஒருவர் சூசன் ஷ்னால், கடற்படை அதிகாரி. அவருடைய அப்பா 1944இல் குவாம் தீவுப் போரில் இறந்தவர்.

வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் துண்டறிக்கை வீசுகின்றன. இங்கே நாம் வீசினால் என்ன என்று சூசன் நினைத்தார். அக்டோபரில் சிறு விமானமொன்றில் ஏறி, சான்பிரான்சிஸ்கோ பகுதி ராணுவத் தளங்கள்மேல் அமைதிப் பேரணிக்கான அழைப்பைத் தூவினார். இரண்டு நாள் கழித்துச் சீருடையோடு பேரணியில் நடந்தார். தளபதி வெஸ்ட்மோர்லாண்ட் சீருடையில் போரை ஆதரித்துப் பேசலாம், நான் எதிர்த்துப் பேசக்கூடாதா என்று கேட்டார். 1969இல் ராணுவ நீதிமன்றம் 6 மாதக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது.

அந்தக் கோபம் மாணவர்களுடையது என்றே நாம் படித்திருக்கிறோம். அது வார்டிலும் பிறந்தது. நல்ல சமாரியன் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். காயம் கட்டுவதோடு என் கடமை முடிந்ததென்று இருந்தேன். அந்த வழியில் கள்ளர் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்பதும் கடமைதான் என்பதை சூசனிடம் கற்றேன்.