ஒன்பது இலக்கங்களின் பயணம்

அமெரிக்காவில் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் ஒருவர் புதிய இதழுக்கோ நிறுவனத்துக்கோ எழுதத் தொடங்கினால், சன்மானத்துக்கு முன்பே டபிள்யூ-9 என்ற வரிப் படிவம் அவரைத் தேடி வரும். அதில் பெயர், முகவரி, கையெழுத்து ஆகியவற்றோடு வரி அடையாள எண்ணையும் தர வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் பெரும்பாலோருக்கு அது சமூகப் பாதுகாப்பு எண்தான். மாதச் சம்பளக்காரர் அதை ஒரு முதலாளியிடம் ஒருமுறை தந்தால் போதும். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரோ, நேரில் பார்த்தே இராத ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் புதிதாகத் தர வேண்டியிருக்கிறது.

இந்த எண் பிறந்தபோது அதற்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பெருமந்தக் காலத்தில், 1935 ஆகஸ்டில், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதுமையில் ஓய்வூதியம் வழங்க, தொழிலாளர் ஒவ்வொருவரின் வாழ்நாள் ஊதியத்தையும் பதிந்துவைக்க வேண்டும். ஒரே பெயர் கொண்ட பலரைப் பிரித்தறிய ஒரு கணக்கு எண் தேவைப்பட்டது. 1936 நவம்பரில் விண்ணப்ப விநியோகம் தொடங்கியது. நாடெங்கும் சுமார் 45,000 அஞ்சலகங்கள் இந்தப் பணியில் இறங்கின. அவற்றுள் 1,074 அஞ்சலகங்களில் அட்டைகள் தட்டச்சு செய்யப்பட்டன. தொழிலாளர் தரும் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் என்று சமூகப் பாதுகாப்பு வாரியம் 1937-இல் தன் முதல் விதியிலேயே உறுதியளித்தது.

எண்ணைக் கண்ணில் படும்படி வைப்பதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1938-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊரைச் சேர்ந்த பர்ஸ் தயாரிப்பாளர், பர்ஸுக்குள் அட்டை எப்படிப் பொருந்தும் என்று காட்ட ஒரு மாதிரி அட்டையைச் செருகினார். அதில் அச்சானது அலுவலகச் செயலாளரான ஒரு பெண்ணின் உண்மையான எண். மாதிரி என்று அட்டையில் குறித்திருந்தும், பர்ஸை வாங்கிய பலர் அதையே தங்கள் எண்ணாகப் பயன்படுத்தினர். 1943-இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திவந்தனர். காலப்போக்கில் அத்தகையோர் தொகை 40,000-ஐத் தாண்டியது. அந்த எண் இரத்துசெய்யப்பட்டு, அப்பெண்ணுக்கு வேறு எண் வழங்கப்பட்டது.

1946 முதல் 1972 வரை வெளியான அட்டைகளில், இது அடையாளத்துக்கானது அன்று என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டது. நடைமுறை அதற்கு நேர்மாறாகப் போயிற்று. மத்திய அரசுத் துறைகள் தனிநபர்களுக்கான புதிய எண்முறையை அமைத்தால் இந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்று 1943-இலேயே ரூஸ்வெல்ட் ஆணையிட்டிருந்தார். 1951 முதல், சுயதொழில் செய்வோரில் பெரும் பகுதியினரும் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தனர். 1962-இல் வருமான வரித்துறை இதையே வரி செலுத்துவோரின் எண்ணாக ஏற்றது. இராணுவமும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் அதே வழியில் சென்றன. அரசு அமைப்புகள் இந்த எண்ணைக் கேட்பதற்கு 1974-இன் தனியுரிமைச் சட்டம் சில வரம்புகளை விதித்தது. தனியார் நிறுவனங்கள் கேட்பதை அது தடுக்கவில்லை.

எழுத்தாளரையும் வாடிக்கையாளரையும் இந்த எண்ணால் பிணைத்தது வரி அறிக்கை முறை. ஓர் ஆண்டில் 600 டாலரோ அதற்கு மேலோ ஒருவருக்குத் தொழில்முறைக் கூலி தந்த நிறுவனம், 1099 படிவத்தில் அதை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2025-இல் நிறைவேறிய சட்டம், 2026 முதல் தரப்படும் தொகைகளுக்கு இந்த வரம்பை 2,000 டாலராக உயர்த்தியது. எண்ணைத் தர மறுப்பவரின் சன்மானத்தில் வரிப் பிடித்தம் உண்டு. 1983-இன் சட்டம் கொண்டுவந்த அந்தப் பிடித்தம், முதலில் 20 விழுக்காடாக இருந்து இன்று 24 விழுக்காடாக நிற்கிறது. ஆகவே வாடிக்கையாளர் எண்ணைக் கேட்பதில் தவறில்லை. எழுத்தாளர் அதை எளிதில் மறுக்கவும் முடியாது.

சிக்கலின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆளைக் குறிக்கும் இந்த எண்ணையே, அது தெரிந்திருப்பவர் அந்த ஆள்தான் என்பதற்குச் சான்றாகவும் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. பலரிடம் கொடுத்தாக வேண்டிய ஓர் எண் இரகசியச் சாவியாக இருக்க முடியாது. எண் கிடைத்தவர் பிறர் பெயரில் கடன் வாங்கலாம். பொய்யான வரிக்கணக்கு தாக்கல்செய்து பணம் திரும்பப் பெறலாம். அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் 1998-இல்தான் வந்தது. 2017-இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் நடந்த தகவல் திருட்டு சுமார் 14.7 கோடிப் பேரைப் பாதித்தது.

எண்ணின் அமைப்பிலும் பலவீனம் இருந்தது. முதல் மூன்று இலக்கங்கள் எண் வழங்கப்பட்ட பகுதியைக் காட்டின. பிறந்த இடமும் நாளும் தெரிந்தால் முதல் ஐந்து இலக்கங்களைப் பல வேளைகளில் ஊகித்துவிடலாம் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். அப்படியானால், கேட்டவருக்கெல்லாம் தயங்காமல் சொல்லப்படும் கடைசி நான்கு இலக்கங்களே காக்க வேண்டிய பகுதி. 2011 ஜூன் முதல் வழங்கப்படும் புதிய எண்களுக்கு இடத்தொடர்பு இல்லை. பழைய எண்கள் மாறவில்லை.

எழுத்தாளருக்கு மிஞ்சியிருக்கும் காப்புகள் சில. தனியாள் தொழிலுக்கும் வரித்துறை இலவசமாக வழங்கும் வேலையளிப்போர் அடையாள எண்ணை டபிள்யூ-9 படிவத்தில் எழுதலாம்; அப்போது சொந்த எண்ணை வெளியே விட வேண்டியதில்லை. எழுத்தாளருக்குத் திரும்பி வரும் 1099 பிரதியில் எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களை மறைக்கவும் விதி இடம் தருகிறது. டபிள்யூ-9 வரித்துறைக்குப் போவதில்லை. வாடிக்கையாளரின் கோப்பிலேயே தங்குகிறது. அதனால் நிறுவனம் உண்மையானதா என்று விசாரித்து, ஒப்பந்தம் முடிந்த பிறகு, சாதாரண மின்னஞ்சலைத் தவிர்த்துப் பாதுகாப்பான வழியில் அனுப்புவதே முறை. பிறந்த தேதியையோ கடவுச்சீட்டின் நகலையோ அந்தப் படிவம் கேட்பதில்லை. வரியின் பெயரைச் சொல்லி அவற்றைக் கேட்கும் வாடிக்கையாளர், படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்.