குன்றிமணிக் கண்

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினால் எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. அந்தக் கண் பதிக்கும் வேலை எங்கள் வீட்டில் எனக்கு. "வாயில கீயில போட்றாதடா, செத்துப் போயிடுவ" என்று பாட்டி பக்கத்திலேயே நிற்பாள். சாமிக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

பாட்டி சொன்னது முக்கால்வாசி உண்மை. குன்றிக்கொடியின் விதைக்கு ஓடு கெட்டி. உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றால்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் அப்ரின் என்ற புரதம் செல்லுக்குள் புகுந்து, அங்கே புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை முடக்கிவிடும். ஆயுர்வேதம் இதைத் துணைவிஷங்களில் ஒன்றாக வைத்து, பாலிலோ காடியிலோ வேகவைத்துச் சுத்தி செய்யச் சொல்கிறது. வெப்பத்தில் அப்ரின் செயலிழக்கும் என்பதால், இதில் விஷயம் இருக்கிறது.

1882இல் பாரிஸில் இதே விதையை வேகவைக்காமல், நேராக மனிதக் கண்ணில் விட்டார்கள்.

நோயின் பெயர் டிரக்கோமா. இமையின் உட்புறம் சொரசொரப்பாகி, கருவிழி மேல் ரத்தக்குழாய்கள் படர்ந்து, பார்வை மங்கிக்கொண்டே போகும். ஏழைகள், ராணுவ வீரர்கள், அநாதை விடுதிக் குழந்தைகள் என்று நெருக்கமாக வாழ்ந்தவர்களைத்தான் அதிகம் பிடித்தது. கடுமையான அழற்சி ஒன்று வந்து போனால் அந்தப் படலம் கரைந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அதற்காக கொனோரியாச் சீழை எடுத்து வேண்டுமென்றே நோயாளியின் கண்ணில் வைத்தார்கள். படிக்கும்போதே எனக்குக் கண் எரிந்தது. ஆனால் வேறு வழி இல்லாத காலம் அது.

லூயி த வெக்கர் என்ற கண் மருத்துவர் இதற்கு மாற்றாகக் கொண்டுவந்ததுதான் குன்றி. பிரேசிலில் நாட்டு மருந்தாகப் புழங்கியது, அங்கே பெயர் ஜெக்விரிடி. விதைப்பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றால் இமையின் உட்புறத்தைக் கழுவ வேண்டும். சில மணி நேரத்தில் இமை வீங்கி, சீழ் கட்டி, வெள்ளைப் படலம் மூடும். எல்லாம் வடிந்த பிறகு சிலருக்குப் பார்வை தெளிந்தது. சிலருக்குக் கருவிழியே அழுகிப் போனது. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் ப்ரொடக்‌ஷனில் நேரடியாக டெஸ்ட் செய்வது என்போம். அங்கே ரோல்பேக் பண்ணலாம். கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

அது கிருமிகளின் காலம். அதே 1882இல்தான் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்திருந்தார். எங்கும் கிருமி தெரிந்த அந்த ஜோரில், குன்றிச் சாற்றில் வளரும் ஒரு கிருமிதான் கண்ணைத் தாக்குகிறது என்று 1883இல் சாட்லர் சொன்னார். அதை மறுத்தவர்களில் இருவர் கல்கத்தாவில் இருந்தார்கள்: வார்டன், வாடெல். (இந்த வாடெல்தான் பின்னாளில் திபெத்திய பௌத்தம் பற்றி எழுதி, ஆங்கிலேயப் படையோடு லாசா வரை போனவர். மனுஷன் சும்மா இருக்கவில்லை.) இந்தியாவில் குன்றி ஒரு போலீஸ் வழக்கு விவகாரம். விதையை அரைத்து, ஊசிபோல் உருட்டிக் காயவைத்து, மாட்டின் தோலுக்குள் குத்திக் கொல்வார்கள். இதைச் சாக்கிட்டு, தோல் வேலை செய்த சாதியினர் மொத்தப் பேர் மீதும் பழி போட்டது காலனிய ஆவணம். கிருமி அல்ல, விதையில் உள்ள புரதமே விஷம் என்று இருவரும் 1884இல் காட்டினார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதற்குப் பிறகுதான். கிருமி இல்லாத வெறும் தாவர விஷத்துக்கு உடம்பு எதிர்ப்பு பழகுமா? 1891இல் பெர்லினில் பால் எர்லிக் எலிகளுக்கு ஆமணக்கின் ரைசினையும் குன்றியின் அப்ரினையும் துளித்துளியாகக் கொடுத்து, மெல்ல அளவைக் கூட்டினார். சாதாரண எலியைக் கொல்லும் அளவை அவை தாங்கின. அப்ரினுக்குப் பழகிய விலங்கின் கண்ணில் அப்ரினை விட்டால் கண் சிவக்கக்கூட இல்லை. ஆனால் அப்ரினுக்குப் பழகிய எலி ரைசினில் செத்தது. ஒரு விஷத்துக்கு உண்டான எதிர்ப்பு அந்த ஒரு விஷத்தை மட்டுமே அடையாளம் காண்கிறது! இதை அளந்து பார்த்த பழக்கம், டிஃப்தீரியா சீரத்தின் வீரியத்தை நிர்ணயிக்கும் வேலையில் அவருக்குக் கைகொடுத்தது. 1908இல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் ரோமர், அளவு சீர்செய்த குன்றி மருந்தையும் அது மிஞ்சினால் நிறுத்த ஒரு சீரத்தையும் ஜோடியாகக் கொண்டுவந்தார். கடைசியில் ஒரு ரோல்பேக் வந்தது. கண் போனவர்களுக்கு அது இருபது வருடம் தாமதம். டிரக்கோமாவை உண்மையில் அடக்கியவை ஆன்டிபயாடிக்கும் முகம் கழுவத் தண்ணீரும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2024 அக்டோபரில்.

போன சதுர்த்திக்குக் கண் பதித்தது என் மகள். பக்கத்தில் நின்று, பாட்டி சொன்னதையே சொன்னேன். பிள்ளையாரைக் கரைக்கும் முன் இரண்டு மணிகளையும் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டு பீரோ மேல் வைத்திருக்கிறேன்.