மழைக்காலக் காய்ச்சலுக்கு எந்த வலி மாத்திரை போடலாம், எதைத் தொடக்கூடாது?

மட்டாஞ்சேரியில் மழை பிடித்துவிட்டால் கால்வாய் ஓரத் தெருக்களில் தண்ணீர் தேங்கும். பின்னாலேயே டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரும். இரண்டுமே தொடக்கத்தில் சாதாரண காய்ச்சல், உடம்பு வலி மாதிரித்தான் இருக்கும். ஆபீஸ் போகணுமே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வோம். சிக்கலே அங்கேதான்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். ரத்தம் உறைவதையும் இந்த மாத்திரைகள் பாதிக்கும். டெங்குவில் ஏற்கெனவே தட்டணுக்கள் குறையும், அதோடு இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. எலிக்காய்ச்சலோ சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது.

அதனால்தான் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் என்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு: பெரியவர்களுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 4 கிராம், அதாவது 650 மி.கி. மாத்திரை ஆறு. மீறினால் கல்லீரல் போய்விடும். குடிப்பழக்கம் இருந்தால் எல்லை இன்னும் குறைவு. காம்பிஃப்ளாமில் 400 மி.கி. இபுப்ரோஃபெனோடு 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்க.

மாதவிடாய் வலிக்குப் பலரும் போடும் மெஃபெனமிக் அமிலம் பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது. அரிதாக, தோல் தடிப்பும் காய்ச்சலுமாகத் தொடங்கி உள்ளுறுப்புகள் வரை பாதிக்கும் ஒவ்வாமை வரலாம்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்யுங்க. கடும் வயிற்று வலி, ஈறில் ரத்தம் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.