சிறந்த பொருளியல் ஆய்வுக் கட்டுரைகளைச் சிறப்பித்தல்

ஆய்விதழில் வெளிவந்த சிறந்த கட்டுரைக்குப் பரிசளிக்கும் வழக்கம் பொருளியலில் அவ்வளவு பழையதன்று. 1933இல் தொடங்கிய 'எக்கோனோமெட்ரிக்கா' இதழ், தன் முதல் ஆசிரியரான ராக்னர் ஃபிரிஷ் பெயரால் 1978இல் ஒரு பதக்கத்தை நிறுவியது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் அவ்விதழில் வந்த பயன்முறை ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு, ஈராண்டுக்கு ஒருமுறை இது அளிக்கப்படுகிறது. முதலில் பெற்றவர் ஆங்கஸ் டீட்டன். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2015இல்தான்.

'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ' வேறு வழியில் சென்றது. 2011இல் தன் நூற்றாண்டை ஒட்டி, ஆறு பொருளியலாளர்களைக் கொண்டு நூறாண்டுக் கட்டுரைகளில் இருபதைத் தேர்ந்தெடுத்தது. கிராமத்தார் நகருக்கு ஏன் பெயர்கிறார்கள் என்பதை விளக்கும் ஹாரிஸ்–டொடாரோ கட்டுரையும் (1970) அவற்றுள் ஒன்று. நகரில் இப்போது வேலையின்மை இருந்தாலும், கிடைக்கக்கூடிய கூலியை எதிர்பார்த்தே மக்கள் செல்கின்றனர் என்பது அதன் வாதம்.

பதக்கமில்லாத சிறப்பும் உண்டு. ஓர் ஆய்வைப் பின்வந்தவர்கள் அதே ஊருக்குத் திரும்பிச் சென்று மீண்டும் செய்து பார்ப்பதே அது. இதற்கு நல்ல சான்று, முகையூர் உள்ள அதே விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துச் சிற்றூர்களின் நிலைமையைத் திரட்டினார். அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த இவ்வூரின் 1916ஆம் ஆண்டுக் கணக்கு, 1918இல் வெளியான அவரது நூலில் உள்ளது. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எஸ். குகன், ஜோன் மென்ச்சர் இருவரும் எழுதிய கட்டுரை 1983இல் 'எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தது. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2008இல் ஊரை ஆய்ந்து, 2010இல் அதே இதழில் எழுதினர்.

ஐந்தாண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கும் பரிசு விதிக்குள் இத்தகைய உழைப்பு அடங்காது. ஸ்லேட்டரின் மாணவர்கள் குறித்து வைத்த குடும்பக் கணக்கும் கூலி விவரமும் அன்று பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவை இல்லையேல், வேளாண்மை இவ்வூரின் ஒரே ஆதாரமாக இருந்த நிலை மாறியதையும், பெருநிலக்கிழார்களின் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் முன்பிருந்த சார்புநிலையிலிருந்து ஓரளவு விடுபட்டதையும் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு நூற்றாண்டுக் கதையாகச் சொல்லியிருக்க முடியாது.